வன்னியின் நூலகங்களும் தொழில்நுட்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு கிராமத்துப் பொதுநூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இரவல் மேசைக்கு முன்னால் நின்று கேட்கிறார்கள், கூட்டங்களில் கேட்கிறார்கள், கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தொலைபேசியில் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதான். அவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் நூலகம் யாருக்குச் சொந்தம்? எதைக் கேட்பதானாலும் யாரிடம் போக வேண்டும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் பொதுநூலகம் என்பது உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. கிராமப் பக்கங்களில் அது பிரதேச சபை: கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை இவை. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை பயிற்சியும் வழிகாட்டலும் தரும், நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச அடையாள இலக்கம் வழங்கும். உங்கள் ஊர் நூலகத்தின் கூரை ஒழுகினால் அங்கே எழுதிப் பயனில்லை. பிரதேச சபைச் செயலாளருக்கு எழுதுங்கள், பிரதியைத் தவிசாளருக்கு அனுப்புங்கள்.

சனசமூக நிலைய வாசிகசாலை வேறு. அது அங்கத்தவர்களின் உழைப்பில் நிற்பது. ஒரு மேசை, இரண்டு வாங்கு, அன்றைய பத்திரிகை என்றுதான் பெரும்பாலானவை இருக்கின்றன. ஆனால் நூலகத்துக்கு வராத முதியவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் அங்கே வருகிறார்கள். நூலகத் திட்டம் எதுவானாலும் வாசிகசாலைகளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. இனி நூலகம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருப்பவர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி. அதை அப்பா காலையில் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பு. இரவு அவர் திரும்பி வந்த பிறகு, ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து எழுதுவார்கள். அதற்குள் டேட்டா முடிந்துவிடும்.

பாடசாலைகள் திறந்த பிறகு ஒரு மாணவி எங்கள் நூலகத்துக்கு வந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. கணித வினாத்தாள்களைத் தொலைபேசித் திரையில் பார்த்துப் பார்த்துக் கண் வலிப்பதாகச் சொன்னாள். நூலகத்துக் கணினியில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைத் திறந்து, வேண்டியதை அச்சிட்டுக் கொடுத்தோம். அவள் தாள்களை வாங்கிக்கொண்டு நேரே மூலை மேசைக்குப் போய், சைக்கிள் சாவியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொம்பாஸ் பெட்டியைத் திறந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தவை தாள், மேசை, வெளிச்சம், யாரும் கூப்பிடாத இரண்டு மணித்தியாலம். தொலைபேசி அவற்றில் ஒன்றையும் தராது.

பெரியவர்களுக்கும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு இப்போது இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக விண்ணப்பமும் இணையத்தில்தான். பரீட்சைப் பெறுபேறும் அப்படியே. படிவங்கள் இணையத்துக்குப் போய்விட்டன, அவற்றை நிரப்பத் தெரியாதவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கடையில் ஒரு படிவம் நிரப்ப அவர்கள் கொடுக்கும் காசு ஒரு நாள் மரக்கறிச் செலவு. நூலகத்தில் அது இலவசமாக நடக்க வேண்டும்.

நாங்கள் புலம்பெயர் நாட்டில் ஒரு பழைய மாணவர் சங்கம். பத்துக் கணினி அனுப்பலாம் என்றிருக்கிறோம். ஏற்பீர்களா?

உங்கள் மனம் எங்களுக்குத் தெரியும், நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை பேசுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு எங்களுக்கு ஆறு கணினிகள் தந்தது. திறப்பு விழா, நாடா வெட்டு, புகைப்படம் எல்லாம் நடந்தன. யூபிஎஸ் (மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி) தரவில்லை, நிலத் தொடர்புக் கம்பி சரிபார்க்கப்படவில்லை. அந்த ஆண்டு மாரியில் ஒரு பின்னேரம் இடி விழுந்து நான்கு கணினிகள் ஒரே நேரத்தில் போயின. எஞ்சிய இரண்டின் கடவுச்சொல் திட்ட அலுவலரிடம் இருந்தது. அவர் வேலை மாறிப் போய்விட்டார். அந்த அறையை மீண்டும் திறக்க எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் எடுத்தது.

ஆகவே பத்துக் கணினிக்குரிய பணம் உங்களிடம் இருந்தால் நான்கு வாங்கலாம். மிச்சத்தில் மின்கம்பித் திருத்தம், யூபிஎஸ், ஒரு நல்ல அச்சுப்பொறி, இரண்டு ஆண்டுக்கு மை, இரண்டு ஆண்டுக்கு இணையக் கட்டணம். கணினிகளைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வாங்குங்கள். பழுதானால் திருத்த ஆள் பக்கத்தில் இருப்பார், உத்தரவாதமும் இங்கே செல்லும்.

புத்தகங்களும் அப்படித்தான். அங்குள்ள நூலகங்கள் கழித்த ஆங்கிலப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்ப வேண்டாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு கடதாசி விலையும் புத்தக விலையும் ஏறிவிட்டன. பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களும் துணைநூல்களும் வாங்கத்தான் சபைகளுக்குப் பணம் போதாமல் இருக்கிறது. நூலகரிடம் பட்டியல் கேளுங்கள், அவர் எழுதிக் கொடுப்பார்.

நூற்பட்டியலைக் கணினிக்கு மாற்ற என்ன மென்பொருள் நல்லது?

இலவசமாகக் கிடைப்பவற்றில் கோகா. நியூசிலாந்தில் ஹோரோவென்வா என்ற சிறிய மாவட்டத்தின் நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. 2000 பிறக்கும்போது தங்கள் பழைய மென்பொருள் நின்றுவிடும் என்ற பயத்தில்தான் அவர்கள் இதை எழுதுவித்தார்கள். எழுதியதை உலகத்துக்கே திறந்து கொடுத்துவிட்டார்கள். கோகா என்றால் மாவோரி மொழியில் கொடை. இன்று இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் இதில்தான் இயங்குகின்றன. எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரிப் புரிந்துகொள்ளும் யூனிகோட் முறையில் தலைப்பைத் தமிழில் தட்டினால் தமிழிலேயே தேடலாம்.

ஆனால் மூவாயிரம் புத்தகமுள்ள ஒரு கிராம நூலகம் தனியாகக் கோகாவை நிறுவிப் பராமரிப்பது தேவையற்ற பாரம். ஒரு மாவட்டத்தின் சபைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றை நிறுவட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இதைவிட நல்ல வேலை ஏது? பொதுப்பட்டியல் ஒன்று வந்துவிட்டால் துணுக்காயில் இருக்கும் வாசகர், தான் தேடும் புத்தகம் பரந்தனில் இருப்பதைப் பார்ப்பார். மறுநாள் காலை அது பஸ்ஸில் வந்துசேரும். மருந்தும் உதிரிப்பாகமும் கண்டக்டர் கையில் வருகிற ஊரில் புத்தகம் வராதா?

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எங்கள் நூலகங்களில் முன்பு கணினியில் ஏற்றிய பட்டியல்கள் அநேகமாகப் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் பார்க்கத் தமிழ்தான். உள்ளே அது ஆங்கில எழுத்துக்களின் கோவை: பாமினியில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல் கணினியின் கணக்கில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். யூனிகோட்டில் ‘தமிழ்’ என்று தேடினால் அது அகப்படவே அகப்படாது. வேறு எதற்கும் முன்னால் அந்தப் பட்டியல்களை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

புத்தகங்களுக்கு ஆர்எஃப்ஐடி பட்டி (வானொலி அலையால் புத்தகத்தை அடையாளம் காட்டும் சில்லு) ஒட்டலாமா?

வேண்டாம். பட்டைக்குறியீடும் அதை வாசிக்கும் ஒரு சிறு கருவியும் போதும். மிச்சப் பணத்துக்குச் சிறுவர் புத்தகம் வாங்குங்கள்.

மின்சாரம் நின்றால்? இணையம் வராவிட்டால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறக்க முடியுமா? அந்த நிலை இன்று இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் காட்டோரக் கிராமங்களுக்கு மின்சாரம் போவதும் வருவதுமாகத்தான் இருக்கிறது. மடிக்கணினி, ரவுட்டருக்கு ஒரு சிறு மின்கலம், கூரையில் ஓரளவு சூரியப்படல் என்று திட்டமிட்டால் பின்னேரம் வரை ஓட்டலாம்.

இணையம் இல்லாமலும் இணையத்தின் பயனில் ஒரு பகுதியைப் பெறலாம். கிவிக்ஸ் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி ஒரு நினைவக அட்டையில் வைத்துக்கொள்ள அது வழிசெய்கிறது. உள்ளங்கை அகலமுள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் அந்த அட்டையைச் செருகினால் போதும். நூலகத்தின் சுவர்களுக்குள் இருக்கும் எந்தத் தொலைபேசியும் வைஃபை மூலம் அதை வாசிக்கும். டேட்டா ஒரு துளியும் செலவாகாது. கூடவே வினாத்தாள்கள், பாடநூல்கள், ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் உள்ள தமிழ்ச் சிறுவர் கதைகள் ஆகியவற்றையும் ஏற்றி வைக்கலாம். எங்கள் நூலகத்தில் இதை முதலில் பொருத்திய நாளில், தரம் ஏழு படிக்கும் தம்பி ஒருவன் ‘இரணைமடு’ என்று தட்டிப் பார்த்தான். தன் ஊர்க் குளம் திரையில் வந்ததும் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு வரிசையாக ஒவ்வொருவனும் தன் தன் ஊரைத் தட்டிப் பார்த்தான்.

பழைய நூல்களை எண்ணிமப்படுத்துவது, அதாவது படமெடுத்துக் கணினியில் சேமிப்பது, என்று சொல்கிறீர்கள். ஏன் இவ்வளவு அவசரம்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் நீளமாகப் பதில் சொல்வேன்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. அதைப் பற்றி நாம் எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் வன்னியில் எரிந்தது ஒரு கட்டடமன்று. 2008 இலும் 2009 இலும் போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, பாடசாலை அலுமாரி, கோயில் கணக்குக் கொப்பி, சனசமூக நிலையக் கூட்டறிக்கை, வீட்டுத் தகரப்பெட்டி என்று ஒவ்வொன்றாக வழியில் விடப்பட்டன. பங்கருக்குள் நனைந்தவை, முகாமில் கறையான் தின்றவை எத்தனையோ. அவற்றின் பட்டியல்கூட எவரிடமும் இல்லை. ஒரு நூலகம் எரிந்தால் அதில் என்ன இருந்தது என்று சொல்ல நூலகர் இருப்பார். ஒரு கிராமத்தின் கடதாசிகள் போனால் சொல்வதற்கு யார்?

மிச்சம் இருப்பவை இன்னும் வீடுகளில் இருக்கின்றன. ஒருமுறை முதியவர் ஒருவர் யூரியாப் பையில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பையைப் பிரித்தால் உள்ளே ஒரு பழைய சாரம், சாரத்துக்குள் பொலித்தீன், அதற்குள் அவர் படித்த பாடசாலையின் ஆண்டு மலர். இராமபாணப் பூச்சி துளைத்த சிறு ஓட்டைகள் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நேர்கோட்டில் போயிருந்தன. நடுப்பக்கத்தில் மாணவர் குழுப் படம். அவர் பெயர்களைப் படத்தில் விரல்வைத்துச் சொல்லிக்கொண்டு போனார். சில பெயர்களில் விரல் நின்றுவிட்டது. அந்த மலரைப் பக்கம் பக்கமாக எடுத்து முடித்து, அசலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம். படத்தில் உள்ளவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதி, கோப்போடு சேர்த்துவைத்தோம்.

எப்படிச் செய்வது? எங்களிடம் பெரிய ஸ்கேனர் இல்லை.

தட்டையான சாதாரண ஸ்கேனர் போதும். எழுத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படத்துக்கும் பொடி எழுத்துக்கும் 600. கட்டு விட்டுப்போகும் நிலையில் உள்ள நூலை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்த வேண்டாம். மேலிருந்து கமராவால் எடுங்கள், முதுகு முறியாது. மூலப் படங்களைக் குறுக்காமல் வைத்துக்கொண்டு, வாசிப்பதற்கு பிடிஎஃப் செய்யுங்கள். ஒரு பிரதி நூலகத்தில், ஒன்று வேறொரு கட்டடத்தில், இன்னொன்று வன்னிக்கு வெளியே. எங்கள் அனுபவத்துக்குப் பிறகு மூன்றாவது பிரதியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த மூன்றாவது பிரதிக்குப் பொருத்தமான கூட்டாளி நூலக நிறுவனம். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள், பிரசுரங்கள் எனப் பல்லாயிரக்கணக்கானவற்றை இலவசமாக வாசிக்கத் தருகிறது. ஒலி, ஒளிப்படம், காணொளி ஆகியவற்றுக்கு அதன் ‘ஆவணகம்’ இருக்கிறது. கிராம நூலகம் எடுத்துக்கொடுக்க, அவர்கள் ஒழுங்குபடுத்திப் பாதுகாக்க, உலகம் முழுவதும் வாசிக்கிறது. இரு பக்கமும் தன்னால் இயன்றதைச் செய்கிறது. நான் அறிந்த கூட்டுவேலைகளில் இதுவே நேர்மையானது.

படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்களும் தமிழுக்கு வந்துவிட்டன. டெசரக்ட் என்பது இலவசம். புதிய அச்சை நன்றாகவே வாசிக்கும். பழைய நூல்களில் லை, ணை, னை ஆகியவை துதிக்கை தூக்கிய யானை போல இருக்குமே, அங்கேதான் இடறும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மெய்ப்புப் பார்க்க முன்வந்தால் பெரிய உதவி.

பதிப்புரிமைச் சிக்கல் வராதா?

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டும் உரிமை உண்டு. ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு போன்றவை எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. குளங்களையும் ஊர்களையும் பற்றித் தேடுகிறவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உரிமை உள்ளவற்றுக்கு எழுதியவரிடமோ குடும்பத்தினரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாங்கள் கேட்டவர்களில் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்கள். பாதுகாப்புக்காக மட்டும் எடுத்த பிரதியை இணையத்தில் போட வேண்டாம்.

அச்சில் இல்லாதவற்றை என்ன செய்வது? எங்கள் அப்பு பாடும் பாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லையே.

பதிவுசெய்யுங்கள், இந்தக் கிழமையே. முல்லை மோடிக் கூத்து, அரிவிவெட்டுப் பாட்டு, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலோடு சேர்ந்த வழக்குரைப் பாடல்கள் எல்லாம் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்களின் நினைவிலேயே தங்கியிருக்கின்றன. தொலைபேசியின் ஒலிப்பதிவே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைபேசியைத் துணி விரித்த மேசையில் வையுங்கள். பாடுபவர் பெயர், ஊர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தவர், பாட்டை யாரிடம் கேட்டார் என்பவற்றை முதலில் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பாட்டு பாதியில் நின்றால் அவசரப்படுத்த வேண்டாம். அடுத்த நாள் மீதி நினைவுக்கு வரும்.

காணி அனுமதிப்பத்திரம், பிறப்புப் பத்திரம் போன்றவற்றை ஸ்கேன் செய்து நூலகத்தில் வைத்திருப்பீர்களா?

ஸ்கேன் செய்து உங்கள் பென் டிரைவிலோ உங்கள் மின்னஞ்சலிலோ போட்டுத் தருவோம். நூலகக் கணினியில் வைத்திருக்க மாட்டோம். உங்கள் கண் முன்னாலேயே அழிப்போம்.

இதில் நாங்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெயரை ஒரு பட்டியலில் எழுதக் கொடுப்பதற்கே தயங்கும் மக்கள் எங்கள் மக்கள். அந்தத் தயக்கத்தை அவர்களுக்கு வாழ்க்கை கற்றுக்கொடுத்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பு பற்றியது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பும் ஒரு நல்ல நூலகர், யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று வெளியே சொல்லமாட்டார். அங்கத்துவப் படிவத்தில் பெயர், முகவரி, பிணை நிற்பவர் தவிர வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. பொதுக் கணினியில் ஒருவர் எழுந்ததும் அவர் திறந்தவை எல்லாம் தானாக அழியும்படி அமைக்க வேண்டும்.

கண்பார்வை இழந்தவர்களுக்கு நூலகத்தில் ஏதாவது இருக்கிறதா?

இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. போரில் பார்வையை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் அதிகம், நூலகங்கள் அவர்களுக்குச் செய்தது குறைவு. வழி இருக்கிறது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், ஈஸ்பீக் என்ற கணினிக் குரலுடன் சேர்ந்து தமிழை வாசிக்கும். குரல் இயந்திரம் போலத்தான் ஒலிக்கும். ஆனாலும் இரண்டு கிழமையில் காது பழகிவிடுகிறது. 2013 இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக நூல்களை ஒலிவடிவிலும் பிரெயிலிலும் ஆக்கவும் பகிரவும் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். யூனிகோட் பற்றி மேலே சொன்னேனே, அது இங்கேயும் பொருந்தும். பாமினியில் உள்ள கோப்பைத் திரைவாசிப்பான் வாசிக்கவே முடியாது.

பாடசாலை முடிந்து வரும் உயர்தர மாணவர்கள் வாரம் ஒரு மணித்தியாலம் உரக்க வாசித்துப் பதிவுசெய்தால், ஓராண்டில் ஒரு தட்டு நிறைய ஒலிநூல் சேரும்.

யாருடன் கூட்டுச் சேர வேண்டும்? உடன்படிக்கை எழுத வேண்டுமா?

வலயக் கல்வி அலுவலகம், பல்கலைக்கழகம், நூலக நிறுவனம் இவை மூன்றும் முதலில். அதற்கடுத்து நான் சொல்வது கமநல சேவை நிலையம். எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் வயலில் இருக்கிறார்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால் ஆலோசனை கிடைக்கும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு நாள் விவசாயப் போதனாசிரியர் நூலகத்தில் வந்து இருந்தால், நெல்லில் விழுந்த நோயைத் தொலைபேசிப் படத்தோடு கொண்டுவந்து காட்டுவார்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். காலபோகத்துக்கு வயல் தயாராகும் காலமும் அதுவே. அந்த மாதத்திலேயே தொடங்கலாம்.

எழுத்து அவசியம், இரண்டு பக்கம் போதும். மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதை யார் திருத்துவது, எத்தனை நாளுக்குள், கடவுச்சொற்கள் நூலகரிடமும் சபைச் செயலாளரிடமும் இருக்கின்றனவா, திட்டம் முடியும் நாளில் பொருட்கள் யாருக்கு, கோப்புகள் யாருக்கு. இவற்றை எழுதத் தயங்கும் கூட்டாளியோடு தொடங்க வேண்டாம். இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: பயிற்சி நிரந்தர நூலகருக்கே கொடுக்கப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் வந்த பிள்ளை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு போய்விட, நூலகர் மூடிய கணினியைப் பார்த்துக்கொண்டு இருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன். பல நூலகங்களில் ஒரே ஒருவர்தான் வேலை செய்கிறார். அவர் சபைக் கூட்டத்துக்குப் போனால் கதவு பூட்டு. ஆளணி வெற்றிடத்தை நிரப்பாமல் எந்தத் தொழில்நுட்பமும் நிலைக்காது. சபை உறுப்பினர்களிடம் வாக்காளர்களாக நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்.

எங்கள் குடியேற்றத் திட்டத்திலிருந்து நூலகம் 14 கிலோமீற்றர். பஸ்ஸும் இரண்டு வேளைதான். நாங்கள் என்ன செய்வது?

நூலகம்தான் உங்களிடம் வர வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் நூலகவியலுக்கே ஐந்து விதிகள் வகுத்தவர். 1931 இல் தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பக்கத்தில், மேலவாசல் என்ற ஊரிலிருந்து ஒரு மாட்டுவண்டி புத்தகங்களோடு கிராமம் கிராமமாகப் புறப்பட்டது. அதைத் தொடக்கிவைத்தவர் அவரே. வண்டி கட்டி நூலகம் போன நாட்டின் மொழிதான் நம்முடையதும். இன்று ஒரு முச்சக்கரவண்டி, இரண்டு பிளாஸ்டிக் பெட்டியில் நூறு புத்தகம், மேலே சொன்ன சிறு கணினி, ஒரு மின்கலம். கிழமைக்கு ஒருநாள், தவறாத நேரத்தில், கிராமத்து வாசிகசாலை முற்றத்தில் வந்து நிற்க வேண்டும். நேரம் தவறாமை இதில் மிக முக்கியம். இரண்டு கிழமை தவறினால் மூன்றாவது கிழமை பிள்ளைகள் வரமாட்டார்கள். உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து சபைக்கு ஒரு மனுக் கொடுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த நாள் வசதி என்று அதில் குறிப்பிடுங்கள்.

ஹெல்சிங்கி நூலகத்தில் தையல் இயந்திரம்கூட இருக்கிறதாமே?

ஆம். 2018 டிசம்பரில் திறந்த ஓடி என்ற நூலகத்தில் தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சுப்பொறியும் யாரும் பயன்படுத்தலாம். அந்தக் கட்டடத்தைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. பாடசாலைச் சீருடைத் துணி கையில் இருந்தும் தைக்க இயந்திரம் இல்லாத வீடுகள் இங்கே உண்டு. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் தையலால் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் கற்றுக்கொடுக்க, அதற்குச் சபை ஒரு சிறு கொடுப்பனவு கொடுத்தால் அதுவும் நூலகச் சேவைதான்.

நான் ஒரு சாதாரண வாசகி. என்னால் என்ன முடியும்?

முதலில் அங்கத்தவராகுங்கள். அங்கத்தவர் எண்ணிக்கையும் இரவல் எண்ணிக்கையும் கூடினால்தான் வரவுசெலவுத் திட்டத்தில் நூலகர் வாய் திறந்து கேட்க முடியும்.

பிறகு வீட்டில் தேடுங்கள். பரண், தகரப்பெட்டி, சாமியறைக்குப் பின்னால். பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கல்வெட்டு என்று நாம் சொல்லும் நினைவுமலர், நாடக அறிவித்தல், பழைய பத்திரிகை நறுக்கு, ஆளைத் தெரியாத புகைப்படம் எதுவானாலும் சரி. ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முயல வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். ஒரு துண்டுக் கடதாசியில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதி உள்ளே வைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வாங்கும்போதே பற்றுச்சீட்டு எழுதித் தருவோம். ஸ்கேன் முடிந்ததும் அசல் உங்கள் கைக்கே வரும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஈரத்தில் கடதாசியைத் தொடவே முடியாது. அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.